வராதவருக்கான வண்ணம்

திருச்சானூரில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளலாம். பத்மாவதித் தாயார் கோயிலுக்கு நடந்து செல்லும் தொலைவில் ஒரு தெரு. கீழ்த்தளத்தில் குடும்பம், மேல்தளத்தில் யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள். பூச்சு வேலை முடிந்து, பட்டி பார்த்து, சுவர் காய்ந்துவிட்டது. மேசையின் மேல் வண்ண அட்டை விரிந்து கிடக்கிறது. பச்சை, நீலம், ஊதா எல்லாம் முதல் நாளே தள்ளப்பட்டுவிட்டன. எஞ்சி நிற்பவை இரண்டு: சந்தனச் சாயல் ஏறிய ஒரு வெள்ளை, சாம்பல் சாயல் ஏறிய ஒரு வெள்ளை. விலை ஒன்றே, தெருவில் போகிறவர் கண்ணுக்கு இரண்டும் வெறும் வெள்ளையே. ஆனாலும் முடிவு எட்டப்படாமல் ஒரு வாரம் கழிகிறது.

இதனை வசதி படைத்தோரின் வெட்டிக் கவலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆய்வுலகம் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறது. கோயிற்சுவரின் கல்வெட்டுக்கு ஆய்வேடுகள் உண்டு. வீட்டுச்சுவரின் வண்ணத்துக்கு விளம்பரங்கள் மட்டுமே உண்டு. ஆனால் ஒரு மனிதர் வாழ்நாளில் மிகுதியாகப் பார்க்கும் பொருள் அவர் படுத்திருக்கும் அறையின் சுவர். அதன் நிறத்தை யார், யாருக்காக, எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது அற்பமான கேள்வி அன்று.

வண்ணக் கடைகள் இவ்வகை நிறங்களை 'நடுநிலை நிறங்கள்' என்கின்றன. யாருக்கும் உறுத்தாது, எந்தத் திரைச்சீலைக்கும் பொருந்தும், எவர் வந்தாலும் குறை சொல்லமாட்டார் என்பது அதன் பொருள். 'எவர் வந்தாலும்' என்னும் சொற்களில்தான் செய்தி அடங்கியிருக்கிறது. நடுநிலை நிறம் என்பது இன்னும் வராத ஒருவருக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் நிறம். வீட்டை ஒரு நாள் விலைக்கு வாங்கப்போகிறவர், அடுத்த ஆண்டு குடிவரப்போகிறவர், கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின்போது ஓர் இரவு தங்கிப் பஞ்சமி தீர்த்தம் ஆடிவிட்டுப் போகிறவர் ஆகியோரே அதன் உரிமையாளர்கள். மேல்தளத்து வாடகை அறைகளுக்கு இந்த அளவுகோல் முற்றிலும் சரி. அங்கே தங்குபவர் யாரென்று வீட்டாருக்குத் தெரியாது. தவறு நேர்வது அதே அளவுகோல் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கு வரும்போது. அங்கே இருப்பவர் யாரென்று நன்றாகவே தெரியும். அவர் அந்த வீட்டின் மூதாட்டி. நாளின் பெரும்பகுதியை அந்த அறையிலேயே கழிப்பவர். அட்டையைப் பார்த்து நடந்த விவாதத்தில் அவரிடம் ஒரு சொல் கேட்கப்பட்டதா என்பதே ஐயம்.

இப்படியொரு தேர்வு நம் வீடுகளுக்குள் நுழைந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. சுண்ணாம்பு ஆண்ட காலத்தில் உள்சுவரின் நிறம் கேள்வியாகவே இருந்ததில்லை. தமிழில் 'வெள்ளையடித்தல்' என்றும் தெலுங்கில் 'வெல்ல வேயடம்' என்றும் வழங்கும் அச்செயலுக்கு நிறமே பெயராகிவிட்டது. சுண்ணாம்பு, சுன்னம் என்று பொருளின் பெயரும் இரு மொழிகளிலும் உறவு கொண்டது. பல்லவர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் திருச்சுகனூராக வழங்கி, இன்று தெலுங்கு வழக்கு மேலோங்கி நிற்கும் திருச்சானூரில், இரு மொழியினரும் ஒரே செயலை ஏறத்தாழ ஒரே சொல்லால் குறிப்பதைக் கேட்கலாம். சங்கராந்தியை ஒட்டிச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும் இருவருக்கும் பொதுவான வழக்கம்.

நீர்த்த சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மீண்டும் சுண்ணக்கல்லின் பொருளாகவே மாறுகிறது. அதன் கடுங்காரத் தன்மை பூஞ்சையை அண்டவிடாது. மஞ்சள் தட்டாமலிருக்கச் சிட்டிகை நீலம் சேர்ப்பார்கள். அந்த நீலம் கூடிப்போனால் வீடு வெளிறிய வானம்போல் தோன்றும், குறைந்துபோனால் பழுப்பேறும். இன்றைய சந்தனச் சாயலும் சாம்பல் சாயலும் அன்று வாளியிலிட்ட நீலத்தின் அளவில் அடங்கியிருந்தன. வேறுபாடு ஒன்றுதான்: அன்று செய்த தவற்றின் ஆயுள் ஓராண்டு. அடுத்த தை வந்தால் சரியாகிவிடும்.

அக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் முதுகு வெளுக்கும். எண்ணெய்த் தலை பட்ட இடம் கறுக்கும். வெள்ளையடிப்பவரின் கைகளையும் கண்களையும் அந்தக் காரம் அரிக்கும். இன்றைய நீர்க்கலவை வண்ணங்கள் கழுவக்கூடியவை, நீடித்து உழைப்பவை. பழைய எண்ணெய் வண்ணங்களிலிருந்த ஈயத்துக்கும் 2016இல் வகுக்கப்பட்ட விதிகள் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்று வரம்பிட்டன. அவை 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் இந்த முன்னேற்றம் ஒரு சுமையையும் கூடவே கொண்டுவந்தது. ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளக்கூடிய செயலாக இருந்தது, பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே நாளில் எடுக்கவேண்டிய முடிவாகிவிட்டது. வாரக்கணக்கான தயக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

சுவரை ஒரு முறை முடித்துவிடும் பொருளாகக் கருதாமல் தொடர்ந்து பேணும் பொருளாகக் கருதும் வழக்கம் திருச்சானூரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தாயார் கோயிலில் பிரம்மோற்சவம் முதலிய விழாக்களுக்கு முன்பு 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' நடைபெறும். மூலவரைத் துணியால் மறைத்துவிட்டு, கருவறை தொடங்கிச் சுவர், மேற்கூரை, தூண், பூசைப் பாத்திரம் அனைத்தையும் நீரால் கழுவுவார்கள். பிறகு நாமக்கட்டி, திருச்சூர்ணம், கஸ்தூரி மஞ்சள், பச்சைக் கற்பூரம், சந்தனம், குங்குமம், கிச்சிலிக் கிழங்கு முதலியவை சேர்ந்த நறுமணக் கலவையைச் சுவர்களில் தெளித்துப் பூசுவார்கள். திருமலையில் இது ஆண்டுக்கு நான்கு முறை நிகழ்கிறது. பெயரே கவனத்துக்குரியது. கட்டடத்தையே ஓர் ஆழ்வாராக, நீராட்டப்பட வேண்டிய ஒருவராக அது கருதுகிறது. அங்கே சுவரின் மேற்பரப்பு வரப்போகும் கூட்டத்தின் கண்ணுக்காக மட்டும் பேணப்படுவதில்லை. உள்ளே உறைபவருக்காகப் பேணப்படுகிறது. வீட்டுச் சுவருக்கும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம்: உள்ளே உறைபவர் யார்?

நடுநிலை என்னும் எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1925இல் லெ கொர்புசியே எழுதிய அலங்காரக் கலை பற்றிய நூலில் 'ரிப்போலின் விதி' என்று ஒன்றை முன்வைத்தார். ரிப்போலின் அக்காலத்துப் புகழ்பெற்ற வண்ணப் பூச்சு. குடிமக்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் திரைகளையும் சுவர்த்தாள்களையும் அகற்றிவிட்டு வெள்ளைப் பூச்சு அடிக்கவேண்டும். வீடு தூய்மையானால் மனமும் தூய்மையாகும் என்பது அவர் கருத்து. வெள்ளை அங்கே நிறமாக இல்லை; ஒழுக்கப் போதனையாக இருந்தது. ஆனால் அதே லெ கொர்புசியே 1931இல் சலூப்ரா என்னும் சுவர்த்தாள் நிறுவனத்துக்காக 43 நிறங்களை வகுத்துக் கொடுத்தார். வெள்ளை ஒன்றே போதும் என்று முழங்கியவருக்கும் வாழும் அறைகளுக்கு அது போதவில்லை. 1976இல் பிரையன் ஓடோஹர்ட்டி ஓவியக்கூடங்களின் வெண்சுவரைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். எதையும் சொல்லாமல் நிற்பதுபோல் தோன்றும் அச்சுவர், எது கலை, அதனைப் பார்க்கத் தகுந்தவர் யார் என்பதையெல்லாம் ஓசையின்றித் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கண்டது. நடுநிலை எனப்படுவது பெரும்பாலும் முன்பே எடுக்கப்பட்ட ஒரு முடிவு என்பதை இவ்விரு செய்திகளும் காட்டுகின்றன.

தத்துவத்தை விட்டுவிட்டு இயற்பியலைப் பார்த்தாலும் வண்ண அட்டை நம்பத்தக்க சாட்சி அன்று. பாரிசின் கோபலின் நெசவாலையில் சாய வேலைகளுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரல், சில நூல்களின் கருமை போதவில்லை என்ற முறையீட்டை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை; அந்த நூலுக்கு அடுத்திருந்த நிறத்தில் இருந்தது. பக்கத்து நிறம் எதுவோ அதற்கு எதிரான சாயலைக் கண் தானே ஏற்றிப் பார்க்கிறது. 1839இல் அவர் வெளியிட்ட நூல் இதனை விரிவாக நிறுவியது. வண்ண அட்டையில் ஒவ்வொரு கட்டமும் தூய வெண்தாளின் நடுவே அச்சாகியிருக்கும். அந்த வெண்மைக்கு எதிரில் சந்தனச் சாயல் அழுக்காகவும் சாம்பல் சாயல் சோகமாகவும் தோன்றுவது இயல்பே. வீட்டில் அந்த வெண்தாள் இருக்கப்போவதில்லை. அங்கே இருக்கப்போவது சிவப்புச் சிமெண்டுத் தரையோ, கடப்பைக் கல்லோ, எதிர்வீட்டின் பச்சைச் சுவரிலிருந்து சன்னல் வழியே வரும் ஒளியோ ஆகும். நெருக்கமான கோயில் தெருவில் ஓர் அறைக்குப் பாதி வண்ணத்தை எதிர்வீட்டார் அடித்துவிடுகிறார்கள் என்றே சொல்லலாம்.

ஒளியைப் பற்றிய அறிவுரைகளும் பெரும்பாலும் இரவல். வடக்கு நோக்கிய அறையில் குளிர்ந்த நீல ஒளியே இருக்கும். ஆகவே அங்கே வெதுவெதுப்பான சாயல் வேண்டும் என்பது உலகெங்கும் ஓதப்படும் பாடம். ஏறத்தாழ 49 பாகை வடக்கிலுள்ள பாரிசுக்கு அது பொருந்தும். திருச்சானூர் 13.6 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் கதிரவன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறான். இடைப்பட்ட மாதங்களில் அவன் வடவானத்தில் இருக்கிறான். வெயில் மிகக் கடுமையான நாட்களில் வடக்குச் சன்னலுக்கும் வெயில் உண்டு. மார்கழியில் தெற்குச் சன்னல் வழியே கதிர் அறையின் உள்ளே நெடுந்தூரம் வருகிறது. எங்கோ வடதிசையில் பிறந்த விதியை நம்பி இங்கே சாயலைத் தேர்வது, மண்ணைப் பார்க்காமல் விதையை வாங்குவதற்கு ஒப்பானது.

இவற்றைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. சுவரில் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டை அது திருப்பி அனுப்புகிறது என்பதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். வண்ண நிறுவனங்கள் பல இந்த எண்ணைத் தருகின்றன. கடையில் அதைக் கேட்பவர் அரிது. மென்சந்தன வெள்ளைக்கு அது 80ஐ ஒட்டியும், வெளிர் சாம்பலுக்கு 60ஐ ஒட்டியும் இருக்கலாம். 20 புள்ளி வேறுபாடு கண்ணுக்குச் சிறிது. ஆனால் அறைக்குள் ஒளி ஒரு முறை பட்டு நின்றுவிடுவதில்லை. சுவருக்குச் சுவர் தாவுகிறது. எல்லாப் பரப்பும் 80 விழுக்காடு திருப்பும் ஒரு கற்பனை அறையில், பலமுறை தாவிய ஒளியனைத்தையும் கூட்டினால் முதலில் விழுந்ததைப்போல் 5 மடங்கு கிடைக்கும். 60 விழுக்காட்டில் அது 2.5 மடங்கு மட்டுமே. உண்மையான அறையில் தரையும் சன்னலும் அலமாரியும் இந்த வேறுபாட்டைக் குறைக்கும், ஆனால் அழித்துவிடாது. ஒவ்வொரு தாவலிலும் சாயல் சிறிது அடர்வதால்தான் அட்டையில் மென்மையாகத் தெரிந்த நிறம் நான்கு சுவரிலும் ஏறியபின் கனத்துத் தெரிகிறது.

இங்கேதான் கீழ்த்தளத்து மூதாட்டி விவாதத்தின் நடுவுக்கு வருகிறார். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, விழியாடி மஞ்சளேறுகிறது. மங்கிய ஒளியில் 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதுக் கண்ணுக்குச் சேர்கிறது என்பது கண்ணியலார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. மஞ்சளேறிய ஆடி நீல ஒளியை வடித்துவிடுவதால் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலான நுண்ணிய வேறுபாடுகளும் முதியவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. சந்தனச் சாயலா, சாம்பல் சாயலா என்று வீட்டின் இளையோர் ஒரு வாரம் வாதிட்டது இந்த நுண்வேறுபாட்டைப் பற்றித்தான். அதாவது, அறையில் மிகுதியாக வாழ்பவருக்கு மிகக் குறைவாகத் தெரியும் ஒன்றைப் பற்றி. அவருக்குத் தெரியும் வேறுபாடு அறை வெளிச்சமாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்பது. அதனைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. நடுநிலை அழகு முழுமை பெறுவதற்காகச் சுவர், கதவு, நிலை, மின்விசைப் பலகை அனைத்தையும் ஒரே வெளிர் நிறத்தில் அமைப்பது இப்போதைய வழக்கம். நிழற்படத்தில் அது நன்றாகவே இருக்கும். கண்புரை விழுந்தவருக்கு நள்ளிரவில் கதவின் விளிம்பு எங்கே, விசை எங்கே என்று தெரியாமற்போகும். முதியோருக்கும் பார்வை குன்றியோருக்கும் சுவரும் கதவும் வேறுபட்டுத் தெரியவேண்டும் என்பதற்காக, மேற்சொன்ன எண்ணில் 30 புள்ளி வேறுபாடு இருக்கவேண்டும் என்று பிரித்தானியக் கட்டட நெறிமுறை கூறுகிறது. நம் பழைய வீடுகளில் வெள்ளைச் சுவரும், எண்ணெய் ஊறிக் கறுத்த மர நிலையும், மஞ்சள் குங்குமம் இட்ட வாசற்படியும் எந்த நெறிமுறையும் இல்லாமலே அந்த வேறுபாட்டைத் தந்தன. படியின் மஞ்சள் மங்கலத்துக்காக இடப்பட்டது. கால் இடறாமல் காத்ததும் அதுவே.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. வீடு ஒரு சொத்து. அதனை விற்கவோ வாடகைக்கு விடவோ நேரலாம். எல்லோர்க்கும் ஒத்த நிறமே அறிவுடைமை என்பர். சொத்து என்னும் கவலை நியாயமானதே. ஆனால் வாங்க வருபவர் பெரும்பாலும் தம் விருப்பப்படி மீண்டும் வண்ணம் அடித்துக்கொள்வார். ஒரு நாள் நடக்கலாம் என்னும் விற்பனைக்காக நாள்தோறும் நடக்கும் வாழ்க்கையைப் பணயம் வைப்பது கணக்காகவும் சரிவரவில்லை. குடும்பத்தில் ஒருவர் விருப்பத்தை ஏற்றால் மற்றவர் வருந்துவார். ஆகவே யாருக்கும் உரித்தல்லாத நிறமே அமைதி தரும் என்பது இரண்டாம் வாதம். இது வலுவானது. எனினும் எல்லா அறையும் எல்லோர்க்கும் சமமாக உரியன அல்ல. கூடத்தில் அமைதி பேணலாம். படுத்த படுக்கையாக இருப்பவரின் அறையிலும், நாள் முழுதும் ஒருவரே நிற்கும் அடுக்களையிலும் பெரும்பான்மை வாக்கெடுப்பு நீதி ஆகாது. அங்கே செலவிடப்படும் மணிநேரமே வாக்கின் எடையாக இருக்கவேண்டும்.

இந்த நீதி வீட்டோடு நிற்பதும் இல்லை. மாணவர் விடுதியின் சுவர் யாருக்காக வண்ணம் பெறுகிறது? இடுப்பளவுக்கு அடர்ந்த எண்ணெய் வண்ணமும் மேலே வெளிறிய வெள்ளையும் கொண்ட அப்பழக்கமான சுவர், அழுக்கு தெரியாமலிருக்கும்பொருட்டு அமைந்தது. அங்கே அமர்ந்து ஐந்தாண்டு ஆய்வேடு எழுதப்போகும் மாணவி அந்தக் கணக்கில் இல்லை. சுவரில் படப்போகும் கைக்கறை மட்டும் இருக்கிறது. மருத்துவமனைக் கூடங்களும் அங்கன்வாடிகளும் இப்படியே. பராமரிப்புச் செலவு பொய்யான கவலை அன்று. ஆனால் கறையை முன்னிட்டு நிறம் தேரத் தெரிந்த நிறுவனங்களுக்கு, கண்ணை முன்னிட்டுத் தேரவும் தெரியவேண்டும்.

ஆகவே இரு நடுநிலை நிறங்களுக்கிடையில் தேர்வதற்கான முறையை அட்டையிலிருந்து சுவருக்கு மாற்றவேண்டும். இரண்டு பெரிய பலகைகளில் இரு நிறங்களையும் ஓரம் விடாமல் இரண்டு கை அடித்து, அந்த அறையிலேயே தரையைத் தொட நிறுத்திப் பார்க்கலாம். காலையில் ஒரு முறை, பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு முறை, இரவில் அந்த அறையில் உண்மையாகவே எரியப்போகும் விளக்கில் ஒரு முறை. ஒளி திருப்பும் எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம். இறுதிச் சொல்லை அந்த அறையில் நீண்ட நேரம் இருப்பவரிடம் விடலாம். அவர் 'எதுவானாலும் சரி' என்றால், வெளிச்சம் கூடுதலாகத் தரும் நிறத்தை அவருக்காக மற்றவர்கள் தேரலாம்; நிலைக்கும் விசைப் பலகைக்கும் வேறு நிறம் கொடுக்கலாம்.

திருச்சானூர் வீட்டில் அப்படிச் செய்தால் முடிவு சந்தனமாகவும் இருக்கலாம், சாம்பலாகவும் இருக்கலாம். மேல்தளத்து அறைகள் வருகிறவர்களுக்கான நடுநிலையில் நிற்கட்டும். கார்த்திகையில் வந்தவர்கள் பஞ்சமி தீர்த்தம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். கீழே, அந்தச் சுவரைப் பார்த்தபடி கண்விழிக்கப்போகிறவர் அங்கேயேதான் இருப்பார்.